மேடைப் பலகை இருபத்துநான்கு

ஐவி றொபேட் பெரியகரைச்சேனைக் கிராமசபையில் எழுத்து வேலைக்கு லிகிதராகச் சேர்ந்த அன்று அவளிடம் ஒப்படைத்த சாமான்களில் உருப்படியானவை இருபத்துநான்கு பலகைகள் மட்டுமே. தட்டெழுத்து மெசின் ஒன்று இருந்தது. அதில் இரண்டு எழுத்து விழாது. அலுமாரி ஒன்று இருந்தது. அதன் திறப்புச் சாவி சேர்மன் சோமசேகரத்தின் இடுப்பில் இருந்தது. பலகைகளில் ஒரு பழுதும் இல்லை. ஐம்பத்தேழில் ஆங்கிலக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது இறங்குதுறை ஒன்றைப் பிரித்து ஏலத்தில் போட்டார்கள். அதில் கிராமசபை எடுத்தவை. ஒவ்வொன்றும் எட்டடி நீளம், ஓரடி அகலம், இரண்டு பேர் தூக்கவேண்டிய பாரம். சுதந்திரம் கிடைத்துப் பத்து வருடத்தில் அந்த ஊருக்கு வந்து சேர்ந்த பங்கு அதுதான்.

பலகைகளை என்ன செய்வது என்று சபை கூடி யோசித்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருக்க வாங்கு அடிக்கலாம் என்றார் ஒருவர். மீன் வாடிக்குத் தளம் போடலாம் என்றார் இன்னொருவர். சோமசேகரம், கூட்டம் நடத்த ஊருக்கு ஒரு மேடை இல்லை என்றார். மேடையாயிற்று.

அதற்கு ஒரு நடைமுறையும் வந்தது. கோயில் கூத்தோ, மாதா திருநாளோ, கட்சிக் கூட்டமோ, பலகை கேட்பவர்கள் தாங்களே வந்து சுமந்துகொண்டு போகவேண்டும். தகரப் பீப்பாய்களின் மேல் பரப்பி மேடை போடலாம், ஆணி அடிக்கக்கூடாது. முடிந்ததும் திரும்பச் சுமந்துவந்து சபைக் கந்தோரின் பின்சுவரோடு அடுக்கிவிட்டுப் பதிவுப் புத்தகத்தில் ஒப்பம் வைக்கவேண்டும். அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் "பலகைகளுக்கு முழுப் பொறுப்பும் அதிகாரமும் லிகிதருடையது" என்று சோமசேகரம் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தார். ஒரு பலகை காணாமற்போனால் தன்னைக் கேட்கக்கூடாது என்பதற்காக எழுதியது. அவர் வேறொருவருக்கு விட்டுக்கொடுத்த ஒரே அதிகாரம் அது.

சோமசேகரம் சமஷ்டிக்காரர். தமிழர் இருக்கிற மாகாணங்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்க்கவேண்டும், கொழும்பின் அதிகாரத்துக்கு அரசியல் சட்டத்தில் ஒரு எல்லை போடவேண்டும் என்று மேடையில் நன்றாகச் சொல்வார். அதில் ஐவிக்கு ஒரு மறுப்பும் இல்லை. சொன்னது சரி. சொன்ன வாய்தான் கந்தோரில் பெற்றோல்மக்ஸ் விளக்குக்குப் புது மென்டில் போடவும் தன்னைக் கேட்கவேண்டும் என்றது. கொழும்பில் எல்லாம் குவிந்து கிடக்கிறது என்று அவர் கைநீட்டிக் காட்டும்போது, நீட்டிய கைக்குக் கீழே இடுப்பில் அலுமாரித் திறப்பு தொங்கும்.

அறுபத்தொன்று தையிலிருந்து கொழும்புக் கந்தோர்களின் கடிதங்கள் சிங்களத்தில் வந்தன. அதுதான் இனிச் சட்டம் என்றார்கள். அரசாங்க அதிபரின் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் இருந்துவிட்டு வந்த கையோடு சோமசேகரம் சபையைக் கூட்டித் தீர்மானம் போட்டார்: "சிங்களத்தில் வரும் எந்தக் கடிதத்தையும் இச்சபை திறக்காது, வாசிக்காது." ஐவி அதை மூன்று பிரதி அடித்தாள். மனதோடுதான் அடித்தாள். உனக்கு விளங்காத பாஷையில்தான் இனி உன்னோடு பேசுவோம் என்கிறவனின் கடிதத்தை ஏன் திறக்கவேண்டும்? அன்றிலிருந்து கடிதம் வந்தால் உறையின் மேல் திகதியும் இலக்கமும் போடுவாள். சிவப்பு நாடாவால் கட்டி அலுமாரிக்கு மேல் வைப்பாள்.

அங்கேதான் ஓடைப்பிட்டியின் கதை தொடங்குகிறது.

ஓடைப்பிட்டி அதே சபைக்கு உட்பட்ட இடம். ஊருக்கும் அதற்கும் நடுவே முப்பது யார், அதாவது தொண்ணூறு அடி, அகலத்தில் ஓர் ஓடை கடலுக்குப் போகிறது. கோடையில் முழங்கால் தண்ணீர், சீலையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். ஐப்பசி கடைசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் ஆள் தாழும் தண்ணீர், இழுவை வேறு. அந்தக் கரையில் முப்பத்தைந்து வீடுகள், எல்லாம் கடலுக்குப் போகிற கத்தோலிக்கச் சனம். கடக்க ஒரே ஒரு தோணி. அது வின்சன்டுடையது. வின்சன்ட் ஐவியின் தங்கை ஞானமலரைக் கட்டியவன். ஓடைப்பிட்டிக்குச் சபையில் அங்கத்தவனும் அவன்தான். ஐந்து வருடமாகச் சபைக்கு வருகிறான். கை தூக்குவதைத் தவிர அங்கே வேறு ஒன்றும் செய்தறியான்.

அறுபத்திரண்டு மார்கழியில் ஞானமலருக்கு வலி கண்டபோது மருத்துவிச்சி ஓடையின் இந்தப் பக்கம் இருந்தாள். ஞானமலரை ஏற்றிய தோணி தண்ணீரின் இழுவையில் கடல்வாய்ப் பக்கம் போய் மணலில் ஏறிவிட்டது. இறக்கிக்கொண்டு வர இரண்டு மணித்தியாலம். குழந்தை தோணியிலேயே பிறந்தது. அழவில்லை.

ஓடைக்கு ஒரு நடைபாலம் போட அனுமதி தாருங்கள் என்று சபை கொழும்புக்கு வருடம் இரண்டு தரம், இரண்டு போகம் வயல் விதைக்கிற மாதிரி, ஒழுங்காக எழுதிவந்தது. ஐவிதான் அடிப்பாள். ஒவ்வொரு தரமும் பதில் வரும். சோமசேகரம் அந்த உறையைத் திறக்காமலே மேடையில் தூக்கிக் காட்டுவார். "ஒரு நடைபாலம்! முப்பது யார்! அதுக்கும் கொழும்பு சொல்லுற மறுமொழி இது!" சனம் கைதட்டும். மறுத்துவிட்டார்கள் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சிங்களத்தில் வந்தால் மறுப்பாகத்தானே இருக்கும் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். படித்த பெண் ஐவியும் அப்படியே எடுத்துக்கொண்டாள். குழந்தையைப் புதைத்த அடுத்த மாதமும் அதே விண்ணப்பத்தை அடித்தாள். திகதியை மட்டும் மாற்றினாள்.

அறுபத்துமூன்று புரட்டாதியில் கிண்ணியாவிலிருந்து கருவாட்டு வியாபாரி, ஊர் 'நானா' என்று கூப்பிடுகிற அசனா, தன் கொட்டிலுக்கு அனுமதிச் சீட்டுப் புதுப்பிக்க வந்தார். சனிக்கிழமைதோறும் லொறியோடு வந்து கருவாடு ஏற்றிக்கொண்டு போகிறவர். சீட்டு எழுதும்வரை சும்மா இருக்கத் தெரியாது. அலுமாரிக்கு மேலே பார்த்தார்.

"மிஸ், அதென்ன கட்டு? சிவப்பு நாடாவெல்லாம் கட்டி. ஆருக்கும் கலியாணமோ?"

"கொழும்புக் கடிதம், நானா. நாங்கள் வாசிக்கிறேல்லை."

"வாசிக்கத் தெரியாதோ, வாசிக்கக் கூடாதோ?"

"ரெண்டும்."

"நான் குருணாகலில பதினைஞ்சு வருசம் கருவாடு வித்தனான். எனக்குச் சந்தைச் சிங்களமும் வரும், கச்சேரிச் சிங்களமும் வரும். உங்கட தீர்மானம் எனக்கில்லையே. தாங்கோ பாப்பம்."

ஐவி வாசல் பக்கம் பார்த்தாள். ஞானமலருக்குத் திரும்ப வயிற்றில் ஏழு மாதம். கார்த்திகைக் கடைசியில் பிள்ளை பிறக்கவேண்டும். ஓடை நிறைகிற நேரம். கதிரையில் ஏறிக் கடிதக் கட்டை எடுத்தாள். பாலத்தைப் பற்றி வந்த ஐந்து உறைகளையும் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

அசனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலாவதை வாசித்தார். திரும்ப ஒருமுறை வாசித்தார்.

"ஓடைக்கு மேலால நடைபாலம் போட எங்கட அனுமதி தேவையில்லை. உங்கட சபைச் சட்டத்திலயே அந்த அதிகாரம் உங்களுக்குக் கிடக்கு. நீங்களே போட்டுக்கொள்ளுங்கோ. இவ்வளவுதான் மிஸ்."

"மற்றது?"

"முந்தின கடிதத்தைப் பாக்கட்டாம்."

"மூண்டாவது?"

"அதுக்கு முந்தினதைப் பாக்கட்டாம். நாலாவதும் அதுதான். அஞ்சாவது… உங்களிட்டையிருந்து ஒரு சத்தமும் இல்லாதபடியால் உங்களுக்குப் பாலம் தேவையில்லை எண்டு எடுத்துக்கொள்ளுகினமாம். பைலை மூடியாச்சாம்."

அசனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐவியின் முகத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கொழும்பில இருக்கிறவனுக்கும் தெரியும் மிஸ், இதை இஞ்ச ஒருத்தரும் வாசிக்க மாட்டினம் எண்டு. தமிழில ஒரு வரி எழுதினால் அவன்ர வேலை போயிடும். சிங்களத்தில எழுதினால் வேலை முடிஞ்சிடும். எழுதிப்போட்டு அவன் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டான்."

அவர் போன பிறகு ஐவி கிராமசபைச் சட்டப் புத்தகத்தைத் தேடினாள். தேடத் தேவையில்லை. மேசையில்தான் இருந்தது. கடற்காற்றுக்குக் கடதாசி பறக்காமல் பாரம் வைக்க அதைத்தான் வைத்திருந்தாள். கன்னியாஸ்திரிகள் படிப்பித்த ஆங்கிலம் கைகொடுத்தது. சபை தன் எல்லைக்குள் பாதை, நடைபாலம், துறை, கிணறு கட்டலாம், திருத்தலாம். யாரையும் கேள் என்று அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. இரண்டரை வருடம் இந்தப் புத்தகத்தை விண்ணப்பத்தின் மேல் பாரமாக வைத்துக்கொண்டே அனுமதி கேட்டு அடித்திருக்கிறாள். தன்னைத் திட்ட அவளுக்கு அன்று வார்த்தை கிடைக்கவில்லை. பிறகு நிறையக் கிடைத்தது.

அடுத்த நாள் சோமசேகரத்திடம் சொன்னாள். அவர் சந்தோஷப்படுவார் என்று ஒரு நிமிடம் நினைத்தாள்.

"கடிதத்தை ஆர் திறந்தது?"

"நான்தான் ஐயா."

"சபைத் தீர்மானத்தை மீறி?"

"ஐயா, பாலம் போடலாமாம். கேக்கத் தேவையே இல்லையாம்."

"ஆர் சொன்னது? கொழும்பு சொன்னது. கொழும்பு சிங்களத்தில சொன்னதைக் கேட்டு நாங்கள் பாலம் போட்டால் சிங்களச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது மாதிரி. விளங்குதோ பிள்ளை? அவன் தாற அதிகாரம் அதிகாரமில்லை. தந்தவன் நாளைக்குப் புடுங்குவான். எங்கட அதிகாரம் எங்களிட்டை இருக்கவேணும். அதுக்குப் பேர்தான் சமஷ்டி."

"அதைத்தான் நானும் சொல்லுறன். கடிதத்தை விடுங்கோ. புத்தகத்தில இருக்கு, கடிதம் வர முந்தியே இருக்கு. எங்களிட்டை இருக்கிறதை எடுத்துப் பாவிப்பம்."

சோமசேகரம் வெற்றிலைச் செப்பைத் திறந்து பாக்கை ஆராய்ந்தார். அவர் மூடரில்லை, கணக்காக யோசிக்கிற ஆள். பாலம் போட்டால் ஓர் ஓடையைக் கடக்கலாம். போடாவிட்டால் வருடம் இரண்டு தரம் மேடை ஏறலாம்.

"தலைவர்மாரோட கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்," என்றார். "அதுவரைக்கும் இந்தக் கதை இந்தக் கந்தோரை விட்டு வெளியில போகக்கூடாது."

தன் ஊரில் ஒரு பாலம் போடக் கட்சித் தலைமையைக் கேட்கவேண்டிய சமஷ்டி. ஐவி கடிதக் கட்டைத் திரும்ப நாடாவால் கட்டினாள்.

ஐப்பசி நடுவில் கட்சி மாநாட்டுக்கென்று சோமசேகரம் யாழ்ப்பாணம் போனார். அந்த மாதக் கூட்டத்துக்கு உபதலைவர் இராசையா தலைமை தாங்கவேண்டும். இராசையா நல்ல மனிதர். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னது சரி என்பார். கடைசியாகத் தான் பேசுவது என்று ஐவி பார்த்துக்கொண்டாள். வின்சன்டை அதற்கு முதல்நாள் கந்தோருக்குக் கூப்பிட்டு நாலு வரி பாடமாக்கிவைத்தாள்.

"எனக்கு வராது மச்சாள். நாக்கு ஒட்டிப்போயிடும்."

"போன மார்கழியில தோணிக்குள்ள இருந்தியே, அதை நினைச்சுக்கொண்டு சொல்லு."

வின்சன்ட் சொன்னான். ஓடைக்குச் சபையே நடைபாலம் போடவேண்டும். தூணுக்குப் பனங்குத்தி ஓடைப்பிட்டிச் சனம் தறித்துத் தரும், வேலையும் செய்யும். மேலே போடச் சபையின் பலகைகளைத் தரவேண்டும். ஐவி சட்டப் புத்தகத்தை விரித்து வைத்தாள். இராசையா வாசிக்காமலே தலையாட்டினார். பிறகு பயம் வந்தது.

"சேர்மன் வந்து மேடை எங்க எண்டு கேட்டால் நான் என்ன பிள்ளை சொல்லுறது?"

"ஒரு வரி சேர்ப்பம் ஐயா. 'மேடைக்குத் தேவைப்படும்போது பலகைகள் கழற்றித் தரப்படும்.'"

மழைக்காலத்தில் யார் கூட்டம் வைக்கப்போகிறார்கள் என்று நினைத்தே அதைச் சேர்த்தாள். இராசையாவின் முகம் தெளிந்தது. எல்லாரும் கை தூக்கினார்கள். கொழும்பு இப்படித்தான் செய்கிறது, கொடுப்பதைக் கொடுத்துக் கடைசி வரியில் எடுத்துக்கொள்கிறது என்று மேடையில் நூறு தரம் கேட்டவள், அந்தக் கடைசி வரியைத் தானே சொல்லித் தானே அடித்தாள்.

எட்டு நாளில் பாலம் எழுந்தது. பனங்குத்திகளை நட்டு, பலகைகளை இரண்டிரண்டாக நீளவாக்கில் போட்டு, கடற்படைக்காரன் போட்ட துளைகளிலேயே ஆணி பூட்டினார்கள். முப்பது யாருக்குப் பன்னிரண்டு சோடியும் சரியாக இருந்தது. ஞானமலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்வந்து பார்த்தாள். "அக்கா, கால் நனையேல்லை," என்றாள். கொழும்பில் ஒரு சுவரும் இடிந்து விழவில்லை.

சோமசேகரம் திரும்பி வந்து பாலத்தைப் பார்த்தார். நடுவரைக்கும் நடந்து போனார். குதிக்காலால் ஒருமுறை மிதித்துப் பார்த்தார். "நல்ல வேலை," என்றார். கோபமே இல்லை. ஐவி அப்போதே பயந்திருக்கவேண்டும்.

கார்த்திகை நடுவில் ஒரு துண்டுக் கடதாசியை அவள் மேசையில் வைத்தார். வருகிற சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் கட்சிக் கூட்டம். திருகோணமலைப் பட்டினத்திலிருந்து தலைவர்கள் இருவர் வருகிறார்கள். தலைப்பு: 'கொழும்பு மறுத்த பாலம்'. மேடை தேவை. கூடவே பாலத் தீர்மானத்தின் பிரதி; கடைசி வரியின் கீழ் சிவப்புப் பென்சில் கோடு.

"ஐயா, பாலம் இருக்கேக்கை அதைக் கழட்டிப்போட்டு, பாலம் இல்லையெண்டு பேசப்போறீங்களோ?"

"இருக்கிறது ஊர்ப் பாலம். நான் பேசுறது உரிமையைப் பற்றி. ஒரு பின்னேரம்தானே பிள்ளை. ஞாயிறு விடியத் திரும்பப் பூட்டலாம்."

"ஞானமலருக்கு இது பெறுமாதம்."

"இன்னும் பத்து நாள் கிடக்காமே. வின்சன்ட் சொன்னான்."

வின்சன்ட் சொல்லியிருந்தான். அது மட்டுமில்லை. கூட்டம் ஓடைப்பிட்டிச் சனத்தின் குறையைப் பற்றியது என்று கேட்டதும் அந்தக் கரை முழுவதும் நெஞ்சு நிமிர்த்திக்கொண்டது. நடைமுறைப்படி கேட்டவர்தான் சுமக்கவேண்டும். சேர்மன் சுமப்பாரா? ஓடைப்பிட்டி ஆண்களே வந்து தங்கள் பாலத்தைக் கழற்றினார்கள். தோளில் வைத்து, ஏலேலோ போட்டு, தங்களுக்குப் பாலம் இல்லையென்று சொல்வதற்கான மேடைக்குச் சுமந்துபோனார்கள். பலகை கழன்ற ஓடையில் குத்திகள் மட்டும் பல்லு மாதிரி நின்றன.

"ஒரு பின்னேரம்தானே மச்சாள்," என்றான் வின்சன்டும். யாருடைய வாயிலிருந்து வந்த வசனம் என்று அவனுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் மழை. நாலு மணிக்கு வெயில் எறித்தது. ஓடையோரத்து வெளியில் பீப்பாய்களின் மேல் பன்னிரண்டு வரிசையாகப் பலகை பரப்பி மேடை கிடந்தது. பின்வரிசைகளில் கதிரை போட்டுத் தலைவர்கள் இருந்தார்கள். ஓடைப்பிட்டிச் சனம் தோணியில் ஐந்தைந்து பேராக வந்து இறங்கி முன்னால் இடம் பிடித்தது. அயல்வீட்டு மரியமலரை ஞானமலருக்குத் துணையாக விட்டிருந்தார்கள். ஐவி பதிவுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால், ஓடையைப் பார்க்கக்கூடிய இடத்தில் நின்றாள். பலகை வெளியில் போயிருக்கும்போது லிகிதர் நிற்கவேண்டும்.

சோமசேகரம் மைக்கைப் பிடித்தார். அரசியல் சட்டத்தில் சிறுபான்மைக்குக் காப்பு என்று ஒரு பிரிவு இருக்கிறதாம், அதைக் காகிதமாக்கிவிட்டார்களாம். நடுவண் அதிகாரத்துக்கு எல்லை இல்லாத நாட்டில் மக்களுக்கு நிலம் இல்லையாம். எல்லாம் சரி. ஒரு சொல் பிழையில்லை. "முப்பது யார்! இந்தச் சனத்துக்கு ஒரு பலகை போட்டுத் தர ஆளில்லை!" என்று அந்தப் பலகையின் மேல் நின்று காலால் உதைத்தார். கைதட்டு எழும்பியது. பலகையைச் சுமந்துவந்தவர்கள்தான் கூடத் தட்டினார்கள்.

அப்போது அந்தக் கரையில் மரியமலர் வந்து நின்றாள். சீலைத் தலைப்பைக் கழற்றி இரண்டு கையாலும் வீசினாள். கத்தினாள். லவுட்ஸ்பீக்கரில் அவள் சத்தம் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை.

ஐவி ஓடையைப் பார்த்தாள். மத்தியான மழை மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. செம்மண் நிறத் தண்ணீர் குத்திகளைச் சுற்றிச் சுழித்தது. தோணி கட்டைக் கயிற்றை இழுத்துக்கொண்டு கடல்வாய்ப் பக்கம் திரும்பி நின்றது. போன மார்கழியில் எப்படி நின்றதோ அப்படி.

முன்வரிசைக்குப் போய் வின்சன்டின் தோளைப் பிடித்தாள்.

"எழும்பு."

"தலைவர் பேசுறார் மச்சாள்."

"உன்ர பெண்சாதிக்கு வலி துவங்கிட்டுது. பலகையைத் தூக்கு."

"கூட்டம் முடியேல்லையே… ஐயாவை ஒருக்காக் கேட்டிட்டு—"

"தோணியில ஏத்தப்போறியோ? போனதரம் ஏத்தினது காணாதோ?"

வின்சன்ட் எழும்பினான். அவன் தம்பிமார் எழும்பினார்கள். பிறகு ஓடைப்பிட்டி ஆண்கள் எல்லாரும். மேடையின் பின்பக்கம் போனார்கள். கதிரைகளில் இருந்த தலைவர்களைப் பார்த்து வின்சன்ட், "ஐயாமார் கொஞ்சம் இறங்குங்கோ," என்றான். பழக்கமான மரியாதையோடு சொன்னதால் அவர்களும் இறங்கினார்கள். பின்வரிசை இரண்டு பலகையும் போயின. ஆணி இல்லாத பலகை, தூக்கினால் வந்தது. அடுத்த இரண்டு. அடுத்த இரண்டு.

சனம் சிரிக்கிற சத்தம் கேட்டுச் சோமசேகரம் திரும்பினார். அவருக்குப் பின்னால் பாதி மேடை இல்லை. வெறும் பீப்பாய்கள்.

"ஆரைக் கேட்டுப் பலகையைத் தூக்குறீங்கள்?"

மைக் கையில் இருந்ததால் கேள்வி ஊர் முழுவதும் கேட்டது. ஐவி பதிவுப் புத்தகத்தின் முதல் பக்கத்தை விரித்து அவருக்கு நேரே பிடித்தாள்.

"பலகைக்கு முழு அதிகாரமும் லிகிதருக்கு. உங்கட கையெழுத்துத்தான் ஐயா."

"என்ர அனுமதி?"

"தேவையில்லை."

சோமசேகரம், அவரை மெச்சத்தான் வேண்டும், சனத்தின் பக்கம் திரும்பினார். "பாருங்கள் மக்களே! எங்கள் சனம் ஒரு பாலத்துக்காகத் தலைவனின் காலடிப் பலகையையே எடுக்கிற நிலைக்குக் கொழும்பு தள்ளிவிட்டது!" கைதட்டு. முன்னிலும் பலம். அவர் பேச்சை விடவில்லை. பலகை போகப்போக ஒவ்வோர் அடியாக முன்னால் வந்தார். நிலம் பறிபோகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கடைசி வரிசைக்கு வந்ததும் வின்சன்ட் ஐவியைப் பார்த்தான்.

"அந்த ரெண்டையும் விடு," என்றாள். "கரையில எட்டடி தண்ணிக்குள்ளால நடக்கலாம். அவருக்கு நிக்க இடம் வேணும்."

இருபத்திரண்டு பலகை குத்திகளின் மேல் விழுந்தது. ஆணி பூட்ட நேரமில்லை. ஒவ்வொரு சோடிக்கும் ஓர் ஆள் தண்ணீருக்குள் இறங்கிக் குத்தியைக் கட்டிக்கொண்டு தோள் கொடுத்துப் பிடித்தான். சேர்மனின் கதிரை சும்மா கிடந்ததால் அதையும் தூக்கிக்கொண்டு போய் அதில் ஞானமலரை இருத்திக் கொண்டுவந்தார்கள். கடைசி எட்டடியில் வின்சன்ட் இடுப்பளவு தண்ணீரில் கதிரையைத் தலைக்கு மேல் பிடித்தான். அசனா கருவாட்டு மூட்டைகளை லொறியிலிருந்து உதைத்து இறக்கிவிட்டிருந்தார். ஞானமலரோடு லொறியில் ஏறிய மருத்துவிச்சி, வழியில் சாம்பல்தீவு தாண்டுமுன் பிறந்துவிடுமென்று சொன்னாள். பிறக்கவில்லை. பட்டினத்து ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண்பிள்ளை. ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதது. "சேர்மன் தோத்தார்," என்றார் அசனா.

அடுத்த மாதக் கூட்டத்தில், சிங்களக் கடிதங்களைத் திறந்து தீர்மானத்தை மீறியதற்காக லிகிதர் செல்வி ஐவி றொபேட்டுக்குக் கடும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. அவளே மூன்று பிரதி அடித்து, ஒன்றைத் தனக்குக் கொடுத்து ஒப்பம் வைத்தாள். வின்சன்டும் கை தூக்கியிருந்தான். பழக்கதோஷம் மச்சாள் என்றான் பிறகு.

தை பிறந்ததும் சோமசேகரம் ஒரு வரைவைக் கொண்டுவந்தார். ஓடைப்பிட்டிக்கு நடைபாலம் போட அனுமதி கோரிக் கொழும்புக்கு ஆறாவது விண்ணப்பம்.

"பாலம் இருக்கு ஐயா. மேலால நடந்துதானே வந்தனீங்கள்."

"அது தற்காலிகம். அடியும் பிள்ளை."

அடித்தாள். கையெழுத்து வாங்கினாள். உறையிலிட்டு ஒட்டி, திகதியும் இலக்கமும் போட்டாள். தபாற் கந்தோருக்குக் கொடுத்துவிடவில்லை. கதிரையில் ஏறி, அலுமாரிக்கு மேலிருந்த சிங்களக் கட்டின் நாடாவை அவிழ்த்து, அதற்குள்ளேயே வைத்துக் கட்டினாள். எப்படியும் வந்து சேருகிற இடம் அதுதான்.

அந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. சோமசேகரம் இருக்கும்வரை வருடம் இரண்டு தரம் எழுதினார். பதில் வராததைப் பற்றி இன்னும் உருக்கமாகப் பேசினார். எண்பத்தொன்றில் கிராமசபைகளைக் கொழும்பு ஒரே சட்டத்தால் இல்லாமலாக்கியபோது சட்டப் புத்தகமும் அந்தப் பக்கமும் கூடவே போயின. ஐவியையோ ஓடைப்பிட்டியையோ யாரும் கேட்கவில்லை. சாமான்களை ஒப்படைக்கும் பட்டியலில் பலகை இருபத்துநான்கு என்று எழுதி, இருபத்திரண்டு ஓடையில், இரண்டு காலஞ்சென்ற சேர்மன் வீட்டில் என்று அவள் குறித்தாள்.

மேடையில் அவருக்கென்று விட்ட அந்த இரண்டையும் சோமசேகரம் அன்று பின்னேரமே வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். திருப்பித் தரும்படி ஐவி எழுதிய கடிதங்களைத் திறந்தாரோ என்னவோ. பதினெட்டு வருடமாக அவள் கந்தோர் முடிந்து தங்கை வீட்டுக்குப் போகும்போது, இருபத்திரண்டு பலகைக்கு முன்னால் அந்த எட்டடியில், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.